கடுகு வெடிக்காத வீடு

இசக்கிப்பாண்டி படுத்த படுக்கையானபோது கீழ்வீட்டில் இருந்தவர்கள்:

தேவசகாயம். பொறுப்பாளர். முன்பு துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். எதையும் இரண்டு தடவை கேட்பார், ஒரு தடவையும் நம்ப மாட்டார்.

ரஹ்மத் நிஷா. காற்றும் அழுத்தமும் அவள் கையில். ஒரு திருகைத் தப்பாகத் திருப்பினால் மற்றவர்கள் செத்தது தெரியாமல் செத்துப்போவார்கள். அதனால் அவளோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

சில்வெஸ்டர். வெளியே போய் முக்குளிக்கிறவன். கை வேலையில் இருந்தாலும் வாய் ஓயாது.

இசக்கிப்பாண்டி. சில்வெஸ்டருக்கு ஜோடி. மேலே இருக்கும்போது சிகரெட், கீழே இருக்கும்போது பெருமூச்சு.

ஆவுடையப்பன். சமையல்.

ஜெபக்கனி. நர்ஸ். மற்ற ஐந்து பேரையும் சந்தேகப்படுவதும் தன் வேலையில் சேர்த்தி என்று நினைத்தவள்.

வேறு யாரும் இல்லை. மாதக்கணக்கில் யாரும் வரவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மணப்பாட்டுக் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலின் தரையில் உட்கார்ந்திருக்கும் இரும்பு உருளைகள்தான் கீழ்வீடு. கம்பெனி அதற்கு வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தரையில் கிடக்கும் உலோகக் கட்டிகளைப் பொறுக்கி மேலே அனுப்புவது வேலை. வெளியே கடல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு அழுத்தத்தில் உள்ளேயும் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். நினைத்தபோது மேலே போக முடியாது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டால் உடம்புக்குள் இரத்தம் சோடா மாதிரி நுரைக்கும். அந்தக் காற்றில் கலந்திருக்கும் வாயு எல்லோர் குரலையும் வாத்துக் குரலாக்கிவிடும். கழுத்தில் கட்டிய சின்னப் பெட்டி ஒன்று அதைச் சரிசெய்து மற்றவர் காதில் போடும். பெட்டியைக் கழற்றிவிட்டு ஒருவன் கொலை மிரட்டல் விட்டாலும் கேட்பவனுக்குச் சிரிப்புதான் வரும்.

அழுத்தக் காற்றில் நாக்கு மரத்துவிடும். மீன் குழம்புக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காகவே ஆவுடையப்பன் மூடிபோட்ட ஒரு தாளிப்புப் பெட்டியைத் தானே தகடு வெட்டிச் செய்து வைத்திருந்தான். அதற்குள் கடுகு வெடிக்கிற சத்தம் இரும்புச் சுவர் முழுக்க ஓடும். அந்தச் சத்தம்தான் கீழ்வீட்டில் சாப்பாட்டு மணி.

அன்று மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் ஜெபக்கனிக்கு உறைத்தது. மணி அடித்து நாளாகிறது.

"என்ன வே, கடுகு தீந்துபோச்சா?" என்றான் சில்வெஸ்டர். "இது குழம்பா, கை கழுவுன தண்ணியா?"

"சூடு ஆகாதுன்னு அப்படி வச்சேன். வாய மூடிக்கிட்டுத் தின்னும்," என்றான் ஆவுடையப்பன்.

"யாருக்கு ஆகாது?"

ஆவுடையப்பன் கரண்டியைக் கழுவப் போய்விட்டான். கழுவிய கரண்டி.

இசக்கிப்பாண்டியின் தட்டு கவிழ்த்தபடி கிடந்தது. சளி பிடித்திருக்கிறது, படுத்திருக்கிறான் என்று காலையில் ஆவுடையப்பன்தான் சொன்னான். நேற்றும் அவன்தான் சொன்னான். சளிக்கு நர்ஸிடம் வராமல் சமையல்காரனிடம் ஏன் போனான் என்று ஜெபக்கனி அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்டாள், தனக்குள். அவள் நாசரேத்துக்காரி. அவள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டில் திடீரென்று தாளிப்பு நின்றால் என்ன அர்த்தம் என்று தெற்கத்திப் பக்கம் பிறந்த யாருக்கும் தெரியும். அம்மை போட்டிருக்கிற வீட்டில் எண்ணெய் காயக் கூடாது.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

இசக்கிப்பாண்டி தன் படுக்கையின் திரையை இழுத்து மூடியிருந்தான். தலைமாட்டில் ஒரு வேப்ப சோப்பு, உறை பிரிக்காமல். கடலடியில் வேப்பிலைக்கு எங்கே போவது. ஜெபக்கனி விளக்கைப் போட்டாள். முகம், கழுத்து, நெஞ்சு, எங்கு பார்த்தாலும் கொப்புளம். சில புதிது, சில உடைந்தது, சில காய்ந்தது. அதைவிட மோசம், அவன் மூச்சு. ஓடி வந்தவன் மாதிரி படுத்துக்கொண்டே இளைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளா?"

"திட்டாதீங்க சிஸ்டர்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "ஆவுடை அண்ணன்ட்ட மட்டுந்தான் சொன்னேன். ஊசி மாத்திரை ஆகாதுல்லா. தண்ணி ஊத்துனா ஆத்தா தானா எறங்கிருவா."

"மருந்துப் பெட்டியில மாத்திரை இருக்கு. மொத நாளே வந்திருந்தா அதுபாட்டுக்குக் கேட்டிருக்கும். இப்ப நெஞ்சுல எறங்கிருச்சு."

"சின்னப்பிள்ளையில ஒருக்கா வந்துச்சு சிஸ்டர். ஒருக்கா வந்தா திரும்ப வராதும்பாங்க."

"கம்பெனி கழுவுன ஒடம்புக்கு வரும்."

குனிந்து அவன் நெஞ்சில் குழாயை வைத்தாள். கீழே, இரண்டு பக்கமும், காய்ந்த ஓலையை மிதிப்பது போல் சத்தம். குனிந்ததில் அவளுடைய முதுகில் முக்குளிப்பு உடுப்பின் பட்டை அறுத்த இடம் எரிந்தது. முக்குளிக்கிறவர்களுக்குத் துணையாக அவளும் சில வேளை வெளியே போவாள். அவளுடைய உடுப்பில் குளிருக்கு வெந்நீர் ஓடும் குழாய் கிழிந்து, பழுது பார்க்க நிஷாவிடம் கிடந்ததால் இசக்கியின் உடுப்பையே இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அளவு சேராத பட்டை. அறுத்த அன்று களிம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்த்தாள். இப்போதும் எரிச்சலை விட்டுவிட்டு வேலையைத்தான் பார்த்தாள். ஊசியைப் போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிவிட்டு, தேவசகாயத்தைத் தேடிப் போனாள்.

"சாதாரண அம்மைதான?" என்றார் தேவசகாயம். "சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் வருது."

"சின்னப் பிள்ளைக்கு வந்தா சொறிஞ்சிட்டுப் போயிரும் சார். வளந்தவனுக்கு வந்தா நுரையீரல்ல எறங்கும், ஈரல்ல எறங்கும், சில பேருக்கு மூளைக்கே போகும். இவன் சிகரெட் குடிச்ச நெஞ்சு வேற. இந்தக் காத்துல நல்லவனுக்கே மூச்சு விடுறது சொமை தூக்குற மாதிரி."

"சாதாரண அம்மைதான?" என்றார் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக.

"சாவான் சார். அதத்தான் சொல்லுதேன்."

அவர் உட்கார்ந்தார். "நாமெல்லாம் கழுவிட்டுத்தான வந்தோம். அப்புறம் எப்படி?"

"கழுவுனதாலதான். சின்ன வயசுல அம்மை போட்டு எறங்குனாலும் அந்தக் கிருமி போறதில்ல. நரம்பு வேருல படுத்துத் தூங்கும். ஒடம்பு தளரும்போது எழும்பி வரும். அதுதான் அக்கி."

"அக்கி வேற. எங்கம்மைக்கு வந்துச்சு. வேளார் வீட்டுல காவிக் கல்ல ஒரசி எழுதிட்டு வந்தாங்க. அது சூட்டுல வாறது."

"ரெண்டும் ஒரே கிருமி சார். இங்க வந்த பழைய ஆள்களுக்கு அழுத்தத்துல அக்கி கெளம்பிக் கெளம்பி, ஒருத்தருக்குக் கண்ணே போச்சு. அதுக்குத்தான் கழுவல் கொண்டாந்தாங்க. நரம்புல தூங்குறத அப்படியே எடுத்துருவாங்க. ஆனா அத எடுத்தா, ஒடம்பு வச்சிருந்த காவலும் கூடவே போயிருது. அம்மையே பாக்காத பச்சப்பிள்ளை ஒடம்பு மாதிரி ஆயிரும். தடுப்பூசி போட்டாலும் ஒட்டாது. கையெழுத்துப் போடும்போது சொன்னாங்கள்லா."

"சொன்னாங்க. எவன் கேட்டான்." அவர் கழுத்துப் பெட்டியைத் தடவிக்கொண்டார். "அப்ப இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"ஒட்டுனா வெளிய தெரிய ரெண்டு வாரம், மூணு வாரம் ஆகும். அதுக்கு முன்னாலயிருந்தே இங்க யாரும் வரல. வந்த சாமானெல்லாம் கொதிச்சுத்தான் வந்துச்சு. நம்ம ஆள்கள்ல ஒருத்தர் கழுவாம வந்திருக்கணும். அந்த ஆளுக்கு அக்கி வந்திருக்கணும். நமக்குத் தெரியாம மறச்சிருக்கணும்."

"யாரு?"

"எல்லாரையும் சட்டையக் கழத்தச் சொல்லுங்க."

கழற்றினார்கள். ஆண்களை அவளே விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். தேவசகாயத்தின் வயிற்றில் அறுவைத் தழும்பு. சில்வெஸ்டரின் தோளில் மாதா படம் பச்சை குத்தியிருந்தது. ஆவுடையப்பனின் கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"ஆட்டுச்சந்தை மாதிரில்லா இருக்கு," என்றான் சில்வெஸ்டர். "பல்லையும் பிடிச்சுப் பாத்துருங்க சிஸ்டர்."

நிஷாவைத் தனியே கூட்டிப்போய்ப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிஷா சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஒன்ன யாரு பாக்குறது ஜெபா?"

"நான் நர்ஸு. எனக்கு வந்தா எனக்குத் தெரியாதா?"

நிஷா தோளைக் குலுக்கினாள்.

யார் உடம்பிலும் அக்கி இல்லை. வந்து ஆறியிருக்கலாம். ஆனால் ஆள் யார் என்பதில் ஜெபக்கனிக்கு அதற்குள் தீர்மானம் வந்துவிட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியில் கழுவலுக்குப் படுக்கப் போன அன்று ஆவுடையப்பன் வாசலில் நின்று முரண்டு பிடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆத்தா வந்துபோன தடத்தை அழிக்க நாம் யார் என்று கேட்டான். பிறகு எப்படிச் சம்மதித்தான்? சம்மதித்தானா? அம்மை போட்டவனை இத்தனை நாளும் வெறும் கையால் துடைத்துவிட்டிருக்கிறான். கஞ்சி ஊட்டியிருக்கிறான். கழுவிய உடம்புக்காரன் எவனுக்கும் அந்தத் தைரியம் வராது. பயமில்லாதவனுக்குப் பயமில்லாததற்கு ஒரு காரணம் இருக்கும்.

சமையல்கட்டின் வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ கழுவலுக்குப் படுத்தியா, இல்லையா?"

"படுத்தேன்."

"யாரு பாத்தா?"

"ஒங்கள யாரு பாத்தா? எல்லாரையும் தனித்தனி ரூம்புலதான போட்டாங்க."

"பேச்ச மாத்தாத. அவன் ஒடம்பு பூரா கொப்புளம். எப்படிப் பயப்படாமத் தொட்ட?"

"ஆத்தா வந்திருக்கா. தொடாம எப்படி?" இதென்ன கேள்வி என்பது போல் பார்த்தான். "நான் மறச்சேன். அது தப்புன்னு இப்பத் தெரியுது. மாத்திரை குடுத்தா அவ கோவிப்பான்னு நெனச்சேன். ஆனா கொண்டாந்தது நான் இல்ல."

"மறச்சத ஒத்துக்கிடுத. கொண்டாந்தத மட்டும் ஒத்துக்கிட மாட்டேங்குற."

"செய்யாதத எப்படி ஒத்துக்கிடுறது சிஸ்டர்?"

சாயங்காலத்துக்குள் இசக்கிப்பாண்டியின் உதடு நீலம் பாரித்தது. தேவசகாயம் எல்லோரையும் நடுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். மேலே கப்பலோடு பேசியாகிவிட்டது. தொட்டிலை இறக்கி வைத்திருக்கிறார்கள் என்றார். அழுத்தம் குறையாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் சின்ன இரும்பு உருளைக்குத்தான் அந்தப் பெயர். கீழ்வீட்டின் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேர் படுக்கலாம். கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டால், மேலே போய் அழுத்தமெல்லாம் இறங்கி முடிகிற வரை யாராலும் திறக்க முடியாது.

"தனியா அனுப்புனா?" என்றார்.

"பாதி வழியிலயே முடிஞ்சிரும்," என்றாள் ஜெபக்கனி. "சளிய உறிஞ்சி எடுக்கணும். குப்புறப் போடணும், திருப்பணும். ஊசி போடணும். கூட ஒரு ஆள் வேணும்."

"ஒரு வாரத்துக்கு மேல, அந்தக் குடத்துக்குள்ள, அவன் விட்ட மூச்சயே நாமளும் விட்டுக்கிட்டு," என்றான் சில்வெஸ்டர். "அவன் என் ஜோடிதான். ஆனா எனக்கு ரெண்டு பொம்பளப்பிள்ள. நான் போக மாட்டேன். கேவலமா நெனச்சாலும் சரி."

யாரும் கேவலமாக நினைக்கவில்லை. அவரவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கழுவாத ஆள் போனா ஒண்ணும் ஆகாது," என்றாள் ஜெபக்கனி. ஆவுடையப்பனைப் பார்க்காமல்தான் சொன்னாள். மற்றவர்கள் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "நான் போறேன். என்னன்ன செய்யணும்னு காட்டித்தாங்க."

சில்வெஸ்டர் மூச்சை விட்டான். தேவசகாயம் தலையை ஆட்டினார். முடிந்தது என்று ஜெபக்கனி நினைத்தாள். ஒத்துக்கொள்கிறவன் வாயால்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

உறிஞ்சு குழாயை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தாள். கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு சமையல்கட்டுக்குப் போய்த் தன் சாமான்களை எடுத்து வைத்தான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பி விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அவன் தாளிப்புப் பெட்டியை எடுத்து, மூடியைத் துடைத்து, சில்வெஸ்டரிடம் கொடுத்தான்.

"கீழ்ப் பக்கம் ஒரு கொக்கி லேசா ஆடும். பாத்துத் தெறக்கணும் வே. இனி ஒமக்குத்தான்."

சில்வெஸ்டர் வாங்கிக்கொண்டான்.

ஜெபக்கனிக்கு அதுதான் இடறியது. ஒரு வாரம் கழித்து மேலே போய்ச் சேர்ந்து, அடுத்த முறை மறுபடியும் இதே அடுப்படிக்கு வரப்போகிறவன் அந்தப் பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டான். தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவன், திரும்பி வராதவன் மாதிரி எதற்கு மூட்டை கட்டுகிறான்?

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மருத்துவத்துக்கென்று தனியாக ஒரு தொடர்பு இருந்தது. அவள் காதில் மட்டும்தான் விழும். மேலே கப்பலில் கம்பெனி டாக்டர் தியாகேசன் எடுத்தார்.

"டாக்டர், சமையல்காரர் கழுவாம வந்திருக்கார். அவர இசக்கி கூட அனுப்புதேன். எதுக்கும் ஒங்க பக்கம் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."



"அவரை அனுப்பாதீங்க ஜெபக்கனி. அவரைக் கழுவியாச்சு. முழுசா. நானே பக்கத்துல இருந்தேன்."

"அப்ப யாரு?"

"நீங்க போங்க."

"நானும் கழுவுனவதான் டாக்டர்."

"இல்ல."

அவள் காதை இன்னும் கிட்டே வைத்தாள்.

"உங்களுக்கு ஏத்தினது வெறும் உப்புத் தண்ணி," என்றார் தியாகேசன். பழகிய குரலில்தான் சொன்னார். "எல்லாக் குழுவுலயும் நர்ஸை மட்டும் விட்டு வைக்கிறது வழக்கம். முன்னாடி வேற ஒரு நிலையத்துல மேலேருந்து போன ஒரு ஆள் மூலமா இதே மாதிரி வந்துச்சு. கிட்டப் போகக்கூட ஒருத்தரும் இல்ல. ரெண்டு பேரை இழந்தோம். அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. ஒருத்தராவது கிட்டப் போகக்கூடிய ஆளா இருக்கணும் இல்லையா?"

"என்னையக் கேக்காம."

"கேட்டா நீங்க மத்தவங்ககிட்ட சொல்லுவீங்க. கழுவாத ஆளோட ஒரே கூண்டுல இருக்க யார் சம்மதிப்பா? அக்கி வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. கணக்குப் பார்த்துதான் செஞ்சோம்."

அவளுடைய கை தானாக முதுகுக்குப் போயிருந்தது. எரிகிற இடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். துணி படும்போதே எரியும். பட்டை போடாத நாளிலும் எரிந்தது. அதை அவள் யோசித்ததே இல்லை. கழுவியவளுக்கு அக்கி வராது. வராத ஒன்றை எவள் தேடுவாள்?

"தீ அணைக்க ஒரு ஆள அனுப்புனீங்க டாக்டர்," என்றாள். "நெருப்பையும் அவ மடியிலேயே கட்டி அனுப்பியிருக்கீங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்களா முன்வந்து போறதா சொல்லுங்க. நர்ஸ் தன் உயிரைப் பணயம் வச்சுப் போறாங்கன்னு எல்லாரும் மதிப்பாங்க. மேலே வந்ததும் கம்பெனி உங்களைச் சும்மா விடாது, நல்ல விதமாதான் சொல்றேன்."

"ஆவுடையப்பன் கொண்டாந்தான்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"அது அப்படியே இருக்கட்டும். யாரோ ஒருத்தர் பேர் இருந்துதானே ஆகணும்."

அவள் தொடர்பைத் துண்டித்தாள். கட்டுப்பாட்டு அறைக்குப் போய், நிஷாவின் பக்கம் முதுகைத் திருப்பிச் சட்டையைத் தூக்கினாள்.

"என்ன தெரியுது?"

நிஷா விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள். "பட்டை அறுத்ததுன்ன. பட்டை நேரா மேல கீழ ஓடும். இது விலாவச் சுத்தி முன்னால வளையுது." விரல் தோலைத் தொடாமல் காற்றில் ஓடியது. "காஞ்சு தழும்பாயிருச்சு. ஓரத்துல கொஞ்சம் பொறுக்கு கெடக்கு. நடு முதுகுல கோடு போட்ட மாதிரி நின்னுபோச்சு. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

அக்கி அப்படித்தான் நிற்கும். ஒரு நரம்பு, ஒரு பக்கம். முதல் வருடப் பாடத்திலேயே படித்தது.

"இது என்னது ஜெபா?" என்றாள் நிஷா. கேட்கும்போதே விளக்கோடு பின்னால் நகர்ந்தாள்.

நடுக்கூடத்தில் ஜெபக்கனி எல்லோரிடமும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கழுவாத ஆள் நான். எனக்குத் தெரியாமல் கம்பெனி செய்தது. அக்கி என் முதுகில் இருந்தது. இசக்கி போட்ட உடுப்பை நான் போட்டேன், நான் போட்டதை அவன் போட்டான். ஆவுடையப்பன் மேல் நான் சொன்னது பொய்.

ஆவுடையப்பன் மூட்டையைக் கீழே வைத்தான்.

"நர்ஸுக்கு அக்கி தெரியாதாக்கும்," என்றான் சில்வெஸ்டர். கழுத்துப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த வாத்துக் குரலிலேயே கத்தினான். "எங்க சட்டையெல்லாம் கழத்திப் பாத்தா. தான் மட்டும் கழத்தல. இவனச் சாவுக்கு அனுப்பப் பாத்தா."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒனக்குத் தெரியாது?" என்றார் தேவசகாயம்.

"தெரியாது சார்."

"உண்மையிலேயே தெரியாது?"

"டாக்டரக் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடுங்க. அவர் வாயாலேயே கேளுங்க."

கூப்பிட்டார்கள். தியாகேசனின் குரல் கூடம் முழுக்க வந்தது. தெளிவான, கனிவான குரல். நர்ஸை மட்டும் கழுவாமல் அனுப்பும் வழக்கம் உண்டா என்று தேவசகாயம் கேட்டார். கேட்ட மூச்சிலேயே மறுபடியும் கேட்டார்.

"அப்படி எந்த நடைமுறையும் கிடையாது," என்றார் டாக்டர். "எங்க பதிவுல ஆறு பேரும் கழுவப்பட்டவங்க. சிஸ்டர் எப்படியாவது அதைத் தவிர்த்திருந்தா எங்களுக்குத் தெரிய வழியில்ல. இப்போ அவங்க நோயாளியோட போறதுதான் சரி. மத்ததை மேலே வந்ததும் விசாரிச்சுக்கலாம்."

ஜெபக்கனி திரும்பினாள். நிஷாவைப் பார்த்தாள். நிஷா அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ முள் அவசரமாக ஓடுவது போல. தேவசகாயம் எழுந்து கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"தொட்டிலத் தெறங்க," என்றார்.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. போகிறாயா என்றுகூட.

இசக்கிப்பாண்டியை முதலில் உள்ளே தள்ளினார்கள். அவன் கண்ணைத் திறந்து, "யாரு கூட வாறா?" என்றான். "நான்தான்," என்றாள். "நல்லது சிஸ்டர்," என்று மறுபடியும் கண்ணை மூடினான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அன்று அவளைப் பார்த்து நல்லது என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

மற்றவர்கள் கிட்டே வரவில்லை. கதவுக்கு வந்தவன் ஆவுடையப்பன். ஒரு தூக்குச்சட்டியை நீட்டினான். கஞ்சி, இன்னும் சூடாக இருந்தது.

"உப்புக் கம்மியாத்தான் போட்டிருக்கேன். எண்ணெய் சேத்தது எதுவும் குடுத்துராதீங்க," என்றான். பிறகு, தரையைப் பார்த்தபடி, "மாத்திரையும் குடுங்க," என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். உருளைக்குள் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முதுகு இரும்பில் பட்டு எரிந்தது.

"ஆவுடை. எனக்குத் தெரியாது. நீயாவது நம்பு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சமையல்கட்டு வாசலை மறித்துக்கொண்டு அவள் அவனைப் பார்த்த அதே பார்வை. என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று தேடுகிற பார்வை.

"நானும் கழுவலுக்குப் படுத்தேன்னுதான் சொன்னேன்," என்றான்.

கதவு கனமாக வந்து மூடியது. சக்கரத்தை அவன் சுற்றுவது கேட்டது. தாழ் விழுந்தது. பூட்டு விழுந்தது. விழுந்த பிறகும், சரியாக விழுந்துவிட்டதா என்று அவன் வெளியிலிருந்து ஒரு தடவை பலமாக இழுத்துப் பார்த்தான்.